புது ரீஃப் தொட்டி: முதல் மூன்று மாதம் தண்ணீரைச் சோதிப்பது எப்படி?

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குண்ணே, ஆனா மீன் மேல வந்து மூச்சு வாங்குது." கடல் தொட்டி, அதிலும் பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டி, புதிதாக வைப்பவர்கள் என்னிடம் பதறிப்போய்ச் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அமோனியாவுக்கு நிறம் கிடையாது. மூக்குக்குத் தெரியும் அளவுக்கு வருவதற்குள் மீனின் செவுள் வெந்து போயிருக்கும். கண்ணுக்குத் தெரிவதை வைத்து நன்னீர்த் தொட்டியை ஓரளவு சமாளித்துவிடலாம். கடல் தொட்டியைச் சமாளிக்க முடியாது. சோதித்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் சோதனையே செய்யாமல் இழந்தவர்களைவிட, ஒரே ஒரு தப்பான அளவை நம்பி அவசரப்பட்டு எதையோ ஊற்றி இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் எந்தச் சோதனை எப்போது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 100 லிட்டர் தொட்டி, காய்ந்த பாறை (ட்ரை ராக்), சென்னை வெயில் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் தொட்டிக்கு ஏற்றபடி கணக்கைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உப்பைக் கரைக்கும் முன்பே ஒரு சோதனை

முதலில் வாங்க வேண்டியது டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவைக் காட்டும் கருவி. சில நூறு ரூபாய்தான். உப்பு கலக்கப்போகும் தண்ணீரில் அதை விட்டுப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். அதிகபட்சம் ஒன்று இரண்டு.

"எங்க வீட்டுல ஆர்ஓ இருக்கே" என்பார்கள். அங்கேதான் முதல் சறுக்கல். குடிநீருக்கென்று வரும் ஆர்ஓ எந்திரங்கள் பலவற்றில், சுவைக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரையே திரும்பக் கலக்கும் அமைப்பு இருக்கும். சிலவற்றில் மினரல் கார்ட்ரிட்ஜ் இருக்கும். இப்போது காப்பர் வாட்டர் என்று விளம்பரப்படுத்தி விற்பவையும் வந்துவிட்டன. செம்பு மனிதனுக்கு நல்லதோ கெட்டதோ, நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் அது நஞ்சு. பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கேன் தண்ணீரும் அப்படித்தான். தாது கலந்ததாகவே வரும். கலப்பு வால்வு இல்லாத ஆர்ஓ, அதன் பின்னால் மிச்சத் தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குழாய் என்று தனியாக வைத்துக்கொள்வதே சரி. ரெசினின் ஆயுள் முடிகிறதா என்பதையும் அதே டிடிஎஸ் மீட்டர் சொல்லிவிடும்.

கடற்கரைக்குப் போய் குடத்தில் பிடித்து வரலாமா என்றும் கேட்பார்கள். கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத் தண்ணீரை நான் என் தொட்டிக்குள் விடமாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரக் கடலின் உப்பும் இறங்கிவிடும். பாக்கெட் உப்பு செலவுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே தண்ணீர் கிடைக்கும். லிட்டருக்கு 36 முதல் 39 கிராம் வரை, பிராண்டைப் பொறுத்துக் கலக்க வேண்டியிருக்கும். பம்ப் போட்டுச் சுழலவிட்டு, தெளிந்த பிறகு அளவெடுங்கள்.

உப்பின் அளவு: கருவியை முதலில் சோதியுங்கள்

கடலின் உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு); அடர்த்தியில் சொன்னால் சுமார் 1.026. இதை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர், அதாவது ஒளி வளைவதை வைத்து உப்பின் அளவைக் காட்டும் கருவி, வாங்குவோம். கூடவே வரும் கையேடு "சுத்தமான தண்ணீரை விட்டு பூஜ்யத்துக்குத் திருகு" என்று சொல்லும். செய்யலாம், ஆனால் போதாது. மலிவான கருவிகள் பல சாதாரண உப்புக் கரைசலை மனத்தில் வைத்துச் செய்தவை. பூஜ்யத்தில் சரியாக நிற்கும் கருவி, 35-ல் ஒன்று இரண்டு தள்ளி நிற்கலாம். நமக்கு வேண்டியது 35-ல் சரியாக இருப்பது. ஆகவே 35 பிபிடி கரைசல் ஒரு குப்பி வாங்கி, அதைக் கண்ணாடியில் விட்டு, நீலக்கோடு 35-ல் உட்காரும்வரை திருகுங்கள்.

கரைசல் கிடைக்கவில்லையா? 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடை 963.5 கிராம் ஆர்ஓ-டிஐ தண்ணீரில் கரையுங்கள். நகை எடை பார்க்கும் சின்னத் தராசு போதும். அந்தக் கரைசல் ஒளியை வளைப்பதும் 35 பிபிடி கடல்நீர் வளைப்பதும் ஒரே அளவு. 35 கிராம் போடாமல் 36.5 போடுவது ஏன் என்று குழம்ப வேண்டாம். கடல்நீரில் சோடியம் குளோரைடு மட்டுமல்ல, மெக்னீசியமும் சல்ஃபேட்டும் மற்றவையும் உண்டு. அவை ஒளியை வளைக்கும் விதம் கொஞ்சம் வேறு.

துளியைக் கண்ணாடியில் விட்டு மூடியபின் குமிழி இருக்கிறதா பாருங்கள். அரை நிமிடம் பொறுத்துப் படியுங்கள். தண்ணீரும் கருவியும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும். முடிந்ததும் ஆர்ஓ தண்ணீரில் துடைத்து வையுங்கள்.

முதல் மாதம் இதைத் தினம் பாருங்கள். நம் ஊரில் தொட்டி மேல் ஃபேன் வைத்தால் தண்ணீர் குபுகுபுவென்று வற்றும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். 100 லிட்டரில் 5 லிட்டர் வற்றினால் 35 இருந்தது கிட்டத்தட்ட 36.8 ஆகும். வற்றியதை நிரப்ப உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வையுங்கள், தினமும் அந்தக் கோடுவரை.

சூட்டைப் பற்றி ஒரே வரி: 25, 26 டிகிரி நல்லது. சித்திரை, வைகாசியில் அறையே 32 தாண்டும்போது சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் ரீஃப் தொட்டி நிற்காது.

சைக்கிளிங்: மூன்று கிட், ஆறு வாரம்

அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவைப் பாறையில் குடியேற விடுவதுதான் சைக்கிளிங். அது முடியும்வரை மீன் கிடையாது. இந்தக் கட்டத்தில் வேண்டியவை அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்ற மூன்று சோதனைக் கிட்டுகள். கால்சியம், மெக்னீசியம் கிட்டெல்லாம் அப்புறம் வாங்கலாம்; திறந்து வைத்தால் கெட்டுப்போகும்.

பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டும். இறால் துண்டைப் போட்டு அழுக விடுவது பழைய வழி. வீடு நாறும், அளவும் தெரியாது. அமோனியம் குளோரைடு வாங்கிக்கொள்ளுங்கள். 100 லிட்டருக்கு 0.63 கிராம் போட்டால் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அமோனியா வரும். பாக்டீரியா பாட்டில் ஒன்றும் சேர்த்துவிட்டால் நாள் குறையும்.

அமோனியாச் சோதனைக்கு முன் ஒரு வேலை. புதிதாகக் கலந்த உப்புநீரை எடுத்து, முதலில் அதைச் சோதித்து, அந்தச் சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் முன் வைத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கடல்நீரில் பல கிட்டுகள் அமோனியா இல்லாதபோதும் லேசான பச்சை காட்டும். கிட்டோடு வரும் நிற அட்டையில் அது 0.25 மாதிரியே தெரியும். "மூணு வாரமா 0.25 போகவே மாட்டேங்குது" என்று தவிப்பவர்களில் பாதிப்பேருக்குப் பிரச்சினை தொட்டியில் இல்லை, அட்டையில்தான். உங்கள் பூஜ்யம் என்ன நிறம் என்று முதலிலேயே தெரிந்து வைத்துக்கொண்டால் இந்தத் தவிப்பு இருக்காது. டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் நிறம் மாறித் தெரியும். எப்போதும் ஒரே இடத்தில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

அமோனியாவைக் கடல் தொட்டியில் ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்? பிஹெச் 7 அளவில் இருக்கும் நன்னீரில் அது பெரும்பாலும் அமோனியமாக, அவ்வளவு தீங்கில்லாத வடிவில் கிடக்கும். கடல்நீரின் பிஹெச் 8.2. அங்கே அதில் ஒரு பகுதி செவுளைத் துளைக்கும் அமோனியாவாகவே இருக்கும். நைட்ரைட் விஷயம் நேர்மாறு. நன்னீர் மீனைக் கொல்லும் அளவு நைட்ரைட், கடல்நீரில் அவ்வளவு செய்வதில்லை; நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு அதைச் செவுளுக்குள் நுழையவிடாது. நன்னீரிலிருந்து வருபவர்கள் நைட்ரைட்டைக் கண்டு நடுங்குவதும் அமோனியாவைக் கொஞ்சம்தானே என்று விடுவதும் பழக்கதோஷம்.

முதல் வாரம் அமோனியா அப்படியே நிற்கும். பிறகு இறங்க ஆரம்பிக்கும், நைட்ரைட் குழாய் இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவாக ஏறும். அமோனியா பூஜ்யத்தைத் தொட்ட பிறகும் நைட்ரைட் இரண்டு மூன்று வாரம் ஏறியே நிற்கலாம். பொறுத்திருங்கள்.

இந்த இடத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் தொட்டியில் மூன்றாம் வாரம் நைட்ரேட் கிட் 80 காட்டியது. பயந்துபோய் பாதித் தண்ணீரை மாற்றினேன். மறுவாரமும் 80. மறுபடி பாதி. இரண்டு வாளி உப்பு தீர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நைட்ரேட் கிட்டில் உள்ள பொடி, நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றி, அந்த நைட்ரைட்டையே நிறமாகக் காட்டுகிறது. தொட்டியில் ஏற்கனவே நைட்ரைட் இருந்தால் அதையும் சேர்த்துப் பல மடங்காக்கிக் காட்டிவிடும். நான் கொட்டிய தண்ணீரில் 80 இருந்திருக்கவே முடியாது. கணக்குப் போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்: 1 பிபிஎம் அமோனியா முழுதும் மாறினால் வருவது சுமார் 3.6 பிபிஎம் நைட்ரேட்தான். நான் போட்டிருந்தது 2 பிபிஎம் வீதம் இரண்டே முறை. நைட்ரைட் பூஜ்யத்துக்கு வரும்வரை நைட்ரேட் கிட்டைத் திறக்கவே வேண்டாம்.

சைக்கிள் முடிந்ததா என்று பார்க்கும் வழி: திரும்ப 2 பிபிஎம் அமோனியா போடுங்கள். 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் முடிந்தது. சில தொட்டிக்கு மூன்று வாரம், சிலதுக்கு ஆறு, சிலதுக்கு இன்னும் மேலே. நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கேஹெச்: கையோடு பழக வேண்டிய சோதனை

ரீஃப் தொட்டியில் ஒரே ஒரு கிட்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் ஆல்கலினிட்டி, அதாவது நீரில் கரைந்த பைகார்பனேட், கார்பனேட்டின் அளவைச் சொல்லும் கிட்டைத்தான் எடுப்பேன். நம் ஆட்கள் கேஹெச் என்பார்கள், அதன் அலகு டிகேஹெச். கடலில் 7-க்கு ஒட்டி இருக்கும். தொட்டியில் 7.5 முதல் 9-க்குள் எங்கே வைத்தாலும் சரி, அங்கேயே நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

செய்முறை பார்க்க எளிது. கிட் சொல்லும் அளவு தொட்டி நீரைச் சிரிஞ்சில் எடுத்துக் குப்பியில் விடுகிறோம். நிறங்காட்டியில் சில துளி விட்டதும் நீலமாகும். பிறகு சின்னச் சிரிஞ்சில் அமிலத்தை நிரப்பி ஒவ்வொரு துளியாக விட்டுக் குலுக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. துளி விழுந்த இடத்தில் மட்டும் செம்மை படர்ந்து, குலுக்கியதும் மறையும். அது மறைய நேரமெடுக்கத் தொடங்கும்போது கையை மெதுவாக்குங்கள். இனி ஒரு துளி, பத்து விநாடிக் குலுக்கல், அடுத்த துளி. சாம்பல் கலந்த ஒரு நிறம் வரும், அது முடிவல்ல. அடுத்த துளியிலோ அதற்கடுத்ததிலோ குப்பி முழுவதும் பளிச்சென்று மாறி, குலுக்கினாலும் திரும்பாமல் நிற்கும். அங்கே நிறுத்திச் சிரிஞ்சைப் படியுங்கள். நுனி மாட்டிய சிரிஞ்சில் பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் நடுவில் கொஞ்சம் காற்று இருக்கும். அது தவறில்லை, பிஸ்டனின் கீழ்விளிம்பைத்தான் படிக்க வேண்டும், திரவத்தின் மட்டத்தை அல்ல.

துளியை எண்ணும் வகைக் கிட் என்றால், 5 மில்லி நீருக்கு ஒரு துளி ஒரு டிகேஹெச் என்று இருக்கும். 10 மில்லி நீர் எடுத்துச் செய்யுங்கள். ஒரு துளி அரை டிகேஹெச் ஆகிவிடும். அளவு இரண்டு மடங்கு நுணுக்கமாகக் கிடைக்கும்.

முதல் முறை செய்பவர்கள் ஒரே தண்ணீரை மூன்று முறை அடுத்தடுத்து அளந்து பாருங்கள். மூன்றும் 0.3-க்குள் ஒத்துப்போனால் கை பழகிவிட்டது. 7.4, 8.6, 7.9 என்று அலைந்தால், தொட்டியில் எதையும் ஊற்றும் தகுதி அந்த எண்களுக்கு இல்லை.

சரி, கேஹெச்சை ஏன் இத்தனை முறை அளக்கிறோம், கால்சியத்தை ஏன் அளப்பதில்லை? பவளமும் பாறையில் படரும் ஊதாநிறக் கோரலைன் பாசியும் சுண்ணாம்பு ஓடு கட்டும்போது இரண்டையும் சேர்த்தே எடுக்கின்றன. 2.8 டிகேஹெச் குறையும்போது கால்சியம் 20 பிபிஎம்தான் குறையும். திங்கள் காலை 8.4 இருந்தது வியாழன் காலை 7.8 ஆனதென்றால் கேஹெச் கிட்டில் தெளிவாகத் தெரியும். அதே மூன்று நாளில் கால்சியம் இறங்கியிருப்பது 4 பிபிஎம்; 420-லிருந்து 416. கால்சியம் கிட்டுகளுக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது. தொட்டி எவ்வளவு தின்கிறது என்பதைக் கேஹெச்தான் முதலில் சொல்லும். இந்த உதாரணத்தில் ஒரு நாளைக்கு 0.2.

குறைந்ததை ஈடுகட்ட நம் சமையலறையிலேயே பொருள் இருக்கிறது. ஆப்ப சோடா, அதாவது கலப்பில்லாத சோடியம் பைகார்பனேட். பேக்கிங் பவுடர் அல்ல, அதில் வேறு என்னென்னவோ இருக்கும். 100 லிட்டரை ஒரு டிகேஹெச் உயர்த்த 3 கிராம். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாளில் அரை டிகேஹெச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம். புதுத் தொட்டியில் பவளமே இல்லாமல் கேஹெச் கொஞ்சம் இறங்கினாலும் திகைக்காதீர்கள். அமோனியா நைட்ரேட்டாக மாறும்போதும் கேஹெச் செலவாகும். 2 பிபிஎம்முக்குச் சுமார் 0.6.

கால்சியம் (400–450), மெக்னீசியம் (1250–1350) இரண்டும் பவளம் வளரத் தொடங்கியபின் மாதம் இருமுறை போதும். கால்சியத்தையும் கேஹெச்சையும் எவ்வளவு போட்டாலும் நிற்கவில்லை, ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறது என்றால் அப்போது மெக்னீசியத்தைப் பாருங்கள்.

நைட்ரேட், பாஸ்பேட்

இரண்டையும் பூஜ்யமாக்க வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தோம். அது தவறு. இரண்டும் அடியோடு இல்லாத புதுத் தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி வந்து உட்காரும். குமிழியோடு இழை இழையாகத் தொங்கும், நத்தைகள் சாகும். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்பது நல்ல எல்லை.

பாஸ்பேட்டின் இந்த அளவை நிற அட்டையில் படிக்க முடியாது. இதற்கு மட்டும் ஹன்னா செக்கர் மாதிரி ஒளியால் அளக்கும் மின்கருவிக்குச் செலவு செய்யுங்கள். பாஸ்பரஸாகக் காட்டும் மாடல் என்றால் வரும் எண்ணை 3.066-ஆல் பெருக்க வேண்டும். 20 பிபிபி (ஆயிரம் பிபிபி ஒரு பிபிஎம்) என்று வந்தால் 61 பிபிபி, அதாவது 0.06 பிபிஎம் பாஸ்பேட். கண்ணாடிக் குப்பியில் விரல் ரேகை பட்டாலே எண் ஏறிவிடும். மூடியைப் பிடித்துத் தூக்குங்கள், மெல்லிய துணியால் துடையுங்கள், பொடி போடும் முன்பும் பின்பும் அளக்கும் இரண்டு முறையும் ஒரே பக்கம் முன்னால் வரும்படி வையுங்கள். பொடி முழுதும் கரைந்ததா, குமிழி ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

பிஹெச் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 7.8 முதல் 8.4 வரை எல்லாம் சரி. இரவில் இறங்கும், பகலில் விளக்கு எரியும்போது ஏறும். ஏசி போட்டுக் கதவை அடைத்து நாலு பேர் படுத்திருக்கும் அறையில் விடியற்காலை 7.8-க்கும் கீழே போயிருக்கும். காரணம் நம் மூச்சுக்காற்று. ஜன்னலைத் திறந்தால் ஏறிவிடும். பிஹெச் ஏற்றும் பொடியை வாங்கிக் கொட்டினால் ஏறுவது கேஹெச்தான்.

நோட்டுப் புத்தகம்

நாள், நேரம், சோதனை, எண், அன்று என்ன செய்தேன். இந்த ஐந்தும் போதும். நேரம் ஒன்றாக இருக்கட்டும். என்னுடையது காலை விளக்கு எரிவதற்கு முன். எதிர்பாராத எண் வந்தால் முதலில் மறுபடி அளங்கள். அப்போதும் அதுவே வந்தால் புதிதாகக் கலந்த உப்புநீரை அதே கிட்டால் அளங்கள். அதிலும் கோணலாக வந்தால் கிட்தான் கெட்டிருக்கிறது. நம் வெயிலில் கிட்டுகள் சீக்கிரம் கெடும். தொட்டிக்கு அடியில் ஸ்டாண்டுக்குள் வைக்காமல், வெளிச்சமும் ஈரமும் படாத குளிர்ந்த அலமாரியில் வையுங்கள். திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள்.

முதல் மீன் வரும் வாரம்

எதை வாங்குவது என்பதில் ஒரு சொல். கல்பவளங்கள், கடல்விசிறிகள், கடல்குதிரை, கடல்அட்டை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து வந்த பவளத்துண்டு, பாறைத்துண்டு என்று யாராவது நீட்டினால் கையால் தொடாதீர்கள். ஆவணம் இல்லாத பவளம் எதுவும் வேண்டாம். கோமாளி மீனை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆய்வு மையங்கள் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. பண்ணையில் பிறந்த கோமாளி மீனைக் கேட்டு வாங்குங்கள். கடலில் பிடித்ததைவிடத் திடமானது, தீனியும் பழகியது.

கொளத்தூர் கடையிலிருந்து பையைக் கொண்டு வந்ததும், பையில் உள்ள நீரின் உப்பை முதலில் அளங்கள். செலவைக் குறைக்க 28, 30 என்று வைத்திருப்பவர்கள் உண்டு. உங்களுடையது 35 என்றால், உங்கள் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஏற்றுங்கள். ஆனால் பையைத் திறந்தபின் மணிக்கணக்கில் வைக்கவும் கூடாது. பயண நேரத்தில் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். திறந்ததும் அது வெளியேறி பிஹெச் ஏறும்போது உள்ளே சேர்ந்த அமோனியா நஞ்சாகும். அதிக வித்தியாசம் என்றால், கடை நீரின் உப்பளவுக்கே ஒரு வாளி நீர் கலந்து வைத்து, மீனை அதில் விட்டு இரண்டு மூன்று நாளில் ஏற்றுவது மேல்.

மீன் தொட்டிக்குள் போன இரண்டாம், நான்காம், ஏழாம் நாள் அமோனியா பாருங்கள். உங்கள் பூஜ்ய நிறத்தைவிட ஒரு படி பச்சை ஏறியிருந்தால் ஒரு நாள் தீனியை நிறுத்துங்கள், மறுநாள் திரும்பப் பாருங்கள். 0.5 தொட்டுவிட்டால் காத்திருக்க வேண்டாம். அதே உப்பு, அதே சூட்டில் தயாராக வைத்த 30 லிட்டரை அன்றே மாற்றிவிடுங்கள். அந்த 30 லிட்டர் ஒரு டிரம்மில் எப்போதும் கலந்து தயாராக இருக்கட்டும். இரண்டு வாரம் தொடர்ந்து பூஜ்யம் வந்த பிறகு அடுத்த மீனைப் பற்றி யோசிக்கலாம்.